வளைவில் இரண்டாவது கியர்

மார்ச் 3, செவ்வாய், காலை 6:40

மாமா,

நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளை நான்கு முறை படித்தேன். நீங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும் வண்டியில் பதினொரு தவறுகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது தவறு அந்த வட்டம்.

ஜனவரியில் உங்கள் மகளும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம் என்று சொல்ல உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இன்ஜின் கம்பெனியில வேலைங்கிறே. எனக்கு ஒரு சின்ன கார் வாங்கணும். எதை வாங்கலாம்னு சொல்லு. உன் புத்தி எப்படின்னு பார்த்துட்டு மத்ததைப் பேசலாம்" என்றீர்கள். போனில் வேண்டாம், எழுத்தில் கொடு என்றீர்கள். வாயால் சொன்ன அளவுக்குக் கட்டில் செய்து கொடுப்பதில்லை என்பது உங்கள் கடை விதியாம். நல்ல விதி. உங்களிடம் நான் பார்த்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

உங்கள் மகள், நீங்கள் கையெழுத்துப் போடாத கல்யாணம் தனக்கு வேண்டாம் என்கிறாள். ஆகவே இரண்டு மனிதர்களின் வாழ்க்கை ஒரு காரில் தொங்குகிறது. அபத்தம்தான். ஆனாலும் கேள்வி கேட்டாயிற்று, பதில் சொல்கிறேன்.

நீங்கள் வட்டம் போட்டது நூறு குதிரைத் திறன் என்பதற்காக. அந்த நூறு குதிரையும் இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று சுற்றும்போதுதான் வெளியே வரும். நீங்கள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரத்தைத் தாண்டினால் வண்டி வெடித்துவிடும் என்று நினைக்கிற ஆள் நீங்கள். மற்ற குதிரைகள் எல்லாம் லாயத்தில் படுத்திருக்கும், தீவனம் மட்டும் நீங்கள் போட வேண்டும். இது மூன்று சிலிண்டர் டர்போ. ஆயிரத்து எண்ணூறு சுற்றுக்குக் கீழே, இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் அந்த டர்போ தூங்கும். உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் தெரு ஒரு இடத்தில் கொண்டை ஊசியாக வளைகிறது. அங்கே நீங்கள் வேகத்தைக் குறைத்து, ஆயிரத்து ஐந்நூறு சுற்றில், செங்குத்தாக ஏற வேண்டும். அங்கே உங்களுக்குத் தேவை குதிரை எண்ணிக்கை இல்லை, கீழ்ச் சுற்றில் இழுப்பு.

அளவு. ஜனவரியில் என்னை வெளியில் காக்க வைத்தீர்களே, அப்போது உங்கள் கார் கொட்டகையை அளந்தேன். உள் அகலம் இரண்டு மீட்டர் இருபது. வட்டம் போட்ட வண்டியின் அகலம் ஒன்று எழுபத்தொன்பது. நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு இருபது சென்டிமீட்டர் மிச்சம். உங்கள் வயிறு இருபது சென்டிமீட்டர் சந்தில் நுழையாது. சோபா வாங்க வருகிறவர்களிடம் வாசல் அகலம் கேட்கிற நீங்கள் இதை எப்படி விட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மதிப்பு. அந்தக் கூடுதல் விலையில் உங்களுக்குக் கிடைப்பது கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல், பளபளக்கும் சக்கரம், பின்னால் ஒட்டிய நான்கு எழுத்து. தலைக்கு மேல் ஜன்னல் வைத்து எதைப் பார்க்கப் போகிறீர்கள்? மின்கம்பியையா?

நான் சொல்வது: சின்னது. ஒன்று அறுபத்தாறு அகலம். ஆயிரத்து இருநூறு சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, எண்பத்திரண்டு குதிரை. மூன்று வருஷமாக இந்த வகை இன்ஜின்களைச் சோதனைப் பெஞ்சில் பூட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. கீழ்ச் சுற்றில் அது இழுக்கும். பத்து வருஷம் கழித்து யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

—

மார்ச் 12, வியாழன்

இன்ஜின்காரத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடையில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியை இனி விற்க முடியாது, அவ்வளவு சூடாகிவிட்டது.

முதலில், மாமா என்று எழுதாதே. அந்தச் சொல்லை நான் இன்னும் உனக்கு விற்கவில்லை.

இரண்டாவது, வயிறு. நாற்பது வருஷம் நின்றுகொண்டே வியாபாரம் பண்ணி வளர்த்த வயிறு இது. நீ உட்கார்ந்து வேலை பார்க்கிறாய், உனக்கு ஒன்றும் வளரவில்லை. உன்னைப் பார்த்தால் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டி வைத்த அலமாரி மாதிரி இருக்கிறது. திருகுகள் தனியாக ஒரு பையில் இருக்கும் போல.

விஷயத்துக்கு வருகிறேன். நூறு குதிரை இருக்கிற வண்டியை விட்டுவிட்டு எண்பத்திரண்டு குதிரை வண்டி வாங்கு என்கிறாய். நான் வியாபாரி. குறைந்த சரக்கைத் தள்ளிவிடுகிறவன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியாதா? "சார், அதெல்லாம் வெறும் பகட்டு சார், இது உழைக்கும் சார்." நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னதெல்லாம் கிடங்கில் தேங்கிக் கிடந்த சரக்குக்கு.

மதிப்பு என்றால் என்ன என்று உனக்குப் பெஞ்சில் சொல்லித் தரவில்லை. தெரு முனையில் மருந்துக் கடைக்காரர் இருக்கிறார். நான் வண்டியை நிறுத்தி இறங்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் மதிப்பு. உன் சின்ன வண்டியில் இறங்கினால், "என்ன சார், மகளுக்கு வாங்கினீங்களா?" என்பார்.

குறைந்ததைப் போதும் என்கிறவன் எல்லாவற்றிலும் போதும் என்பான். நாளைக்கு என் மகளிடமும், "இந்த வீடு போதும், இந்தச் சம்பளம் போதும், ஒரு ஜன்னல் போதும்" என்பாய். அவள் பல் டாக்டர். வீட்டில் எல்லோரும் பல்லி என்று கூப்பிட்டாலும், நான் அவளை எதிலும் எண்பத்திரண்டுக்கு வளர்க்கவில்லை.

வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி சிரித்தாள். என் அக்கா, அதாவது எங்களோடு இருக்கிற பெரியவள், "பையன் கொட்டகையை அளந்திருக்கான்ல, அதுக்காவது ஒரு காபி குடுத்திருக்கலாம்" என்றாள். இருவரையும் நம்பாதே. அவர்களுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூடத் தெரியாது.

சொன்னதை நிரூபி. இல்லையென்றால் வேறு ஊரில் வேறு அப்பாவுக்குக் கடிதம் எழுது.

—

மார்ச் 19, வியாழன்

மாமா,

மாமா என்று எழுதக் கூடாது என்றீர்கள். வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. ஆகவே மாமா.

நிரூபிக்கச் சொன்னீர்கள். நிரூபணம் மிக எளிது, மருந்துக் கடைக்காரர்கூடச் செய்யலாம். இரண்டு கடைகளிலும் ஓட்டிப் பார்க்க வண்டி கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் வாங்குங்கள். அத்தை, பெரியத்தை, கடையிலிருந்து வரும் விற்பனைக்காரர் மூவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். வளைவுக்குள் இரண்டாவது கியரில், மணிக்கு இருபது கிலோமீட்டரில் நுழையுங்கள். கிளட்சைத் தொடாதீர்கள். மிதியை முழுக்க அழுத்துங்கள். எது ஏறுகிறதோ அது வண்டி. எது திணறுகிறதோ அது விளம்பரம்.

கணக்கு போட்டுவிட்டேன். தெருவின் சரிவு, சக்கரத்தின் ஆரம், கியர் விகிதம் எல்லாம் வைத்து. சின்ன வண்டி தொள்ளாயிரம் கிலோ. நீங்கள் தொண்ணூற்றைந்து. அத்தைகள் தலைக்கு அறுபது. விற்பனைக்காரர் அறுபத்தைந்து. இத்தனையும் ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறி, அதற்கு மேலும் ஐம்பது கிலோ ஏற்றலாம். டர்போ வண்டி தன் எடையையே சுமக்க முடியாமல் அங்கே மூச்சு வாங்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் மகளிடம் காட்டுங்கள், அவளுக்குப் பெருக்கல் தெரியும்.

நீங்கள் மதிப்பைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இன்னொருவர் கண்ணாடியைத் துடைப்பதற்காக ஒருவர் பல வருஷம் தவணை கட்டுவது எனக்குத் தெரிந்த எந்தச் சமன்பாட்டிலும் வரவில்லை. அந்த மருந்துக் கடைக்காரருக்கு நல்ல துணி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், செலவு முடிந்தது.

உங்களுக்கு என் சொல்லில் நம்பிக்கை இல்லை. எனக்கு இருக்கிறது. எவ்வளவு என்று சொல்கிறேன். என் வண்டி அந்த வளைவில் நின்றுவிட்டால், உங்கள் மகளைப் பற்றி நான் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

—

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி,

வை இனிப்பை என் வாயில்! ஜெயித்தது நான்.

நேற்று இரண்டு வண்டிகளும் வந்தன. நீ எழுதினபடியே எல்லாம் செய்தேன். ஏசி இல்லை. ஜன்னல் திறந்து வியர்த்துக்கொண்டு போனோம். எனக்கு ஒருத்தனைத் தோற்கடிக்க வேண்டும் என்றால் நேர்மையாகத்தான் தோற்கடிக்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரி தூக்கம் வராது.

முதலில் என் வண்டி. அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. ஆனால் எழுத்தில் எழுதுகிறோம் என்பதால் எழுதுகிறேன். வளைவில் நுழைந்தேன், மிதித்தேன். தாத்தா எழுந்திருப்பது போல ஒரு முனகல், அவ்வளவுதான். நின்றது. பின்னால் உருண்டது. பின் சீட்டில் என் அக்கா, "நிறுத்துடா, நிறுத்துடா, நான் இறங்கி நடந்தே போறேன்" என்று கத்தினாள். விற்பனைக்காரப் பையன், "சார், கொஞ்சம் ரெவ் கொடுத்தீங்கன்னா டர்போ வந்துடும் சார்" என்றான். "எங்கேர்ந்து வரும், பஸ்ல வருமா?" என்றாள் அக்கா.

அப்புறம் அதைக் கொட்டகையில் விட்டுப் பார்த்தேன். உள்ளே நன்றாகத்தான் போனது. கதவைத் திறந்தேன். கதவு சுவரில் இடித்தது. என் கால் மட்டும் வெளியே போனது, நான் போகவில்லை. கடைசியில் பின் சீட்டுக்குத் தாவி, அதை மடக்கி, டிக்கி வழியாக இறங்கினேன். நான் எவ்வளவு பேருக்கு, "அம்மா, வாசல் அகலம் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லியிருப்பேன். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். எழுதியதை அழிக்க மாட்டேன்.

இப்போது உன் வண்டி.

அதே ஆட்கள், விற்பனைக்காரப் பையன் மட்டும் இந்தக் கடைக்காரன். அதே வளைவு. இரண்டாவது கியர், இருபது கிலோமீட்டர். மிதித்தேன். ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். பாதி வளைவு தாண்டியதும் வண்டி முழுக்க உதறத் தொடங்கியது, ஈரத் துணியைத் துவைக்கிற யந்திரம் மாதிரி. உதறி உதறி, அங்கேயே அணைந்துவிட்டது.

நின்றது தம்பி. உன் எண்பத்திரண்டு குதிரையும் நடுத்தெருவில் படுத்துவிட்டன. மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

உன் வார்த்தை என் கோப்பில் இருக்கிறது. நான் அதை மகளுக்கும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். அவளுடைய பதில் இன்னும் வரவில்லை. உனக்கு வந்திருக்கும்.

—

ஏப்ரல் 11, சனி

மாமா,

வந்தது. அவள் நேரில் வந்தாள். மருத்துவமனையிலிருந்து என் பெஞ்ச் அறைக்கு வெள்ளை அங்கியோடு நேராக வந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திக் கேட்டாள்: "என்னை ரெண்டாவது கியர்ல பந்தயம் வெச்சியா?" நான் இன்ஜினை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் அவள் அதே சத்தத்தில் பேசினாள். பக்கத்து அறை ஆட்கள் எல்லோரும் கேட்டார்கள். "எங்கப்பா சோபா விக்கிறவர். நீ என்னையே வித்துட்டே" என்றாள். இப்போது என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாள். நீங்கள் படம் எடுத்து அனுப்பியது சின்னத்தனம். ஆனால் படத்தில் இருந்தது என் கையெழுத்து. அதனால் இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பந்தயம் செல்லாது. தப்பிக்க இதைச் சொல்லவில்லை. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை வைத்து நான் ஆடினேன், உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை நீங்கள் ஜெயித்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நாம் இருவரும் முட்டாள்கள், நீங்கள் சந்தோஷமான முட்டாள்.

ஆனால் வண்டி நின்றிருக்கக் கூடாது. கணக்கைப் பத்து தடவை போட்டுப் பார்த்தேன். டயர் காற்று குறைவா? டிக்கியில் தேக்குப் பலகை ஏதாவது வைத்தீர்களா? மிதியை முழுக்க அழுத்தினீர்களா, அல்லது வழக்கம் போல எறும்பைக் கொல்லாமல் மிதிப்பது போல மிதித்தீர்களா? நீங்கள் ஏமாற்றியிருக்க மாட்டீர்கள் என்று உங்கள் மகள் சொல்கிறாள். சண்டையின் நடுவில் சொன்னாள், ஆகவே உண்மையாகத்தான் இருக்கும்.

மிச்சம் இருப்பது ஒரே சந்தேகம். அத்தைகளின் எடையை நான் ஊகித்தேன். உங்கள் எடையையும் ஊகித்தேன்தான். ஆனால் உங்களுடையதைக் கண்ணால் பார்த்து ஊகித்தேன். அவர்களுடையதை அறுபது என்று போட்டது, அதுதான் எழுதுவதற்குச் சங்கடம் இல்லாத எண் என்பதால். கேட்கவும் முடியவில்லை. ஒருவர் எனக்கு மாமியாராக வர வேண்டியவர், இன்னொருவர் எனக்காகக் காபி கேட்டவர்.

உங்கள் கிடங்கில் மரம் நிறுக்கும் தராசு இருக்கிறது. எண்கள் வேண்டும். எப்படி வாங்குவீர்கள் என்பது உங்கள் பிரச்சினை.

—

ஏப்ரல் 20, திங்கள்

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கோபமாக இருக்கிறது.

முதலில் எண்கள். சனிக்கிழமை இருவரையும், "புது மெத்தை வந்திருக்கு, பாருங்க" என்று சொல்லிக் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். தராசின் மேல் மெத்தையைப் போட்டு வைத்திருந்தேன். என் மனைவி உட்கார்ந்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். அவள் நான் முள்ளைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"மெத்தையோட தரம் பார்க்கிறேன்."

"தரம் முள்ளுலயா தெரியும்?"

"பையன் கேட்டிருக்கான்."

"எந்தப் பையன்? என் எடையையா?" என்று எழுந்துவிட்டாள். அக்கா மட்டும் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எழுதிக்கோடா. தொண்ணூத்தெட்டு. அம்மா இருந்தப்பவே தொண்ணூறு. நானா மறைச்சேன்? கேட்டாச் சொல்லியிருப்பேனே" என்றாள்.

மெத்தையைக் கழித்து: மனைவி எண்பத்தாறு. அக்கா தொண்ணூற்றெட்டு. நான் தொண்ணூற்றைந்து, நீ சொன்னபடி. உன் வண்டிக் கடையின் விற்பனைக்காரப் பையன், கேட்டதும் சொன்னான், அறுபத்து நான்கு.

நீயே கூட்டிக்கொள். உன் ஐம்பது கிலோ மிச்சத்தை என் வீட்டுப் பெண்கள் சாப்பிட்டுவிட்டார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கோப்பை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு அளவு தப்பு என்று தெரிந்த பிறகு சரக்கை அனுப்புகிறவன் இல்லை நான். ஞாயிறு காலை மறுபடி உன் வண்டியை வரவழைத்தேன். பெண்கள் இருவரையும் வளைவுக்குக் கீழே இறக்கிவிட்டு வண்டியை ஏற்றினேன். இரண்டாவது கியரில், ஒரு உதறல் இல்லாமல், பூனை மாடியேறுவது போல ஏறியது. அப்படியானால் உன் கணக்கு சரி. உன் மரியாதைதான் தப்பு. என் வயிற்றைச் சந்தில் நுழையாது என்று மூஞ்சிக்கு நேராக எழுதியவன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பணிவாக இருந்தாய். அங்கே கவிழ்ந்தாய். இனிமேல் அந்தப் பழக்கம் வேண்டாம், உனக்கு ஒத்துவரவில்லை.

இப்போதுதான் முக்கியமானது.

பல்லி அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்தாள். நாங்கள் வளைவில் இறங்கி ஏறி ஆடிய ஆட்டத்தை வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீழே இறங்கி வந்து, "சாவியைக் குடுங்கப்பா" என்றாள். எல்லோரையும் ஏறச் சொன்னாள். அம்மா, பெரியத்தை, நான், விற்பனைக்காரப் பையன், அவளோடு சேர்த்து ஐந்து பேர். பையன், "மேடம், ஓவர்லோடு ஆயிடும்" என்றான். "வாயை மூடிட்டு பெல்ட்டைப் போடு" என்றாள். உன் சிநேகம், வேறென்ன.

வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தாள். கிளட்சை மிதித்தாள். முதல் கியரைப் போட்டாள். ஏறிவிட்டது.

அவ்வளவுதான் தம்பி. ஏறிவிட்டது. ஒரு உதறல் இல்லை. மேலே போய்த் திருப்பி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்: "முதல் கியர்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்குன்னு நினைச்சீங்க ரெண்டு பேரும்?"

எனக்குப் பதில் இருந்தது. நான் ஓட்டப் பழகின காலத்து வண்டியில், ஓடும்போது முதல் கியர் போட்டால் பல் கடிக்கிற சத்தம் வரும், தெருவே திரும்பிப் பார்க்கும். ஓடுகிற வண்டியில் முதல் கியர் போடுகிறவன் ஓட்டத் தெரியாதவன் என்பது எங்கள் காலத்துக் கௌரவம். அதைச் சொன்னேன். "அவனுக்கு என்ன காரணமாம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கேட்கிறேன் என்றேன். "வேண்டாம்" என்றாள்.

சின்ன வண்டிக்கே பணம் கட்டிவிட்டேன். நிறத்தை அவள் சொன்னாள், மஞ்சள். மருந்துக் கடைக்காரர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. வண்டி இந்த ஞாயிறு கைக்கு வருகிறது.

கல்யாண விஷயம். நான் என் கையெழுத்தைப் போடத் தயார் என்று அவளிடம் சொன்னேன். ஒரு மாதமாகக் கடிதத்தில் உன்னைத் திட்டிப் பழகிவிட்டது, இன்னொருத்தன் வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க வண்டியை முடிவு பண்ணியாச்சுல்ல? என்னைப் பந்தயம் வெச்சவனைக் கட்டிக்கிறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். உங்க கையெழுத்து இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்."

என் தரப்பில் தடை இல்லை. அவள் தரப்பு எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது.

—

ஏப்ரல் 23, வியாழன்

மாமா,

முதல் கியர்.

உங்கள் காரணம் மட்டமானது, ஆனால் காரணம். என்னிடம் அதுகூட இல்லை. மூன்று வருஷமாக நான் ஓட்டிய எந்த இன்ஜினிலும் கியர் கிடையாது. பெஞ்சில் இன்ஜினை மட்டும் பூட்டுவோம், சக்கரம் இல்லை, தெரு இல்லை, ஏறி உட்கார ஆள் இல்லை. உங்களுக்குச் சோதனை எழுதித் தந்தபோது "கிளட்சைத் தொடாதீர்கள்" என்று நான்தான் எழுதினேன். எழுதிவிட்டு, கிளட்ச் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். நீங்கள் கௌரவத்தால் போடவில்லை. நான் நானே எழுதிய விதியால் போடவில்லை. கௌரவத்துக்காவது வயசு ஒரு சாக்கு.

நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அவள் அதை ஓட்டிய இடத்தில் நாம் இருவரும் ஒரு மாதம் தபால் தலை ஒட்டிக்கொண்டிருந்தோம். இதைவிட மோசமான இரண்டு ஆட்களைக் காட்டினால் நான் அவர்களுக்கும் கடிதம் எழுதுகிறேன்.

மஞ்சள் மோசமான நிறம். மூன்றே வருஷத்தில் வெளுக்கும். அவளிடம் சொல்லாதீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை இரவு ரயில் ஏறுவேன். சனி காலை உங்கள் வீட்டில் இருப்பேன். இந்த முறை காக்க வைத்தால் கொட்டகையை அளக்க மாட்டேன், மணியை அடித்துக்கொண்டே இருப்பேன்.

2. ஞாயிறு வண்டி கைக்கு வருமுன் அதன் அடியில் படுத்துப் பார்ப்பேன். கடைக்காரர்கள் வண்டிக்குப் போட்ட பூமாலையைக் காட்டுவார்கள், படம் எடுக்கலாம் என்பார்கள். நீங்கள் மயங்கி நிற்பீர்கள். நான் எண்ணெய்க் கசிவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

3. பெரியத்தையிடம் அறுபது என்று எழுதியதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியதில்லை. அத்தையிடம் சொல்வேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

4. உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்பேன். விளக்கம் கொடுக்க மாட்டேன். விளக்கம் கொடுத்தால் அதில் ஒரு எண் வந்துவிடும்.

5. அவள் வேண்டாம் என்றால் அன்றைக்கே திரும்பிவிடுவேன். நீங்கள் அவளிடம் எனக்காக ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நீங்கள் பேசினால் விற்பது போல இருக்கும்.

6. அவள் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்க மாட்டேன். நான் இதுவரை செய்து பார்க்காத வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று சிரிக்கக் கூடாது.